வாசகர் கேள்வி பதில்: ஆன்டிபாடி பூசிய குழாய் இருந்தால் அடைப்பு வராதா?

டயாலிசிஸ் பற்றிப் போன இதழில் எழுதியதும் நிறையக் கடிதங்கள் வந்தன. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனிக்கும் சிரைக்கும் நடுவே வைக்கும் செயற்கை ரத்தக் குழாய் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போய்விட்டது. முன்கையில் செயற்கைக் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்கிறோம். ஒரே வருடத்தில் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. உள்ளே ஆன்டிபாடி பூசிய குழாய் இருக்கிறதாம், அது அடைக்காதாம் என்று மகன் படித்துவிட்டுச் சொல்கிறான். டாக்டரிடம் கேட்கலாமா?
– வாசகி, யீஷூன்

பதில்: கேளுங்கள் அம்மா, கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்கிறேன், அந்த மாதிரிக் குழாய் ஆஸ்பத்திரியில் வழக்கமாக வைக்கும் பொருளாக இன்னும் வரவில்லை. மகன் படித்தது பொய்யில்லை, ஆராய்ச்சி உண்மையாகவே நடந்திருக்கிறது. அதன் முடிவில்தான் சிக்கல்.

நம்முடைய சொந்த ரத்தக் குழாயின் உட்சுவரில் எண்டோதீலியம் என்று ஒரே ஒரு அடுக்கு செல்கள் இருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் போன்றவற்றை அவை சுரந்துகொண்டே இருப்பதால் ரத்தத்தை உறைய வைக்கும் ரத்தத் தட்டுகள் அங்கே ஒட்டாது. உங்கள் கணவரின் கையில் இருப்பது பெரும்பாலும் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கை இழுத்து நுண்துளை விழச் செய்த குழாயாக இருக்கும், அதில் இந்த அடுக்கு கிடையாது. பல விலங்குகளுக்குச் செயற்கைக் குழாய் வைத்தால் உள்ளே சீக்கிரமே செல்கள் படர்ந்துவிடும், மனித உடம்பிலோ தையல் போட்ட இரண்டு முனைகளிலிருந்தும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்ளே வந்து நின்றுவிடும், நடுப்பகுதி வருடக்கணக்கில் வெறும் பிளாஸ்டிக்காகவே கிடக்கும். வயிற்றில் உள்ள பெரிய தமனிக்குச் செயற்கைக் குழாய் வைத்தால் ரத்தம் வேகமாக, நிறைய ஓடுவதால் பிரச்சினை குறைவு. 6 மில்லிமீட்டருக்குக் கீழே போகப் போகத்தான் தொல்லை கூடுகிறது, கையில் வைப்பது பெரும்பாலும் அந்த 6 மில்லிமீட்டர் அளவுதான்.

சரி, ஆன்டிபாடி எங்கே வருகிறது? ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம். ரத்தத்தில் சுற்றித் திரியும் சில செல்கள் எண்டோதீலியமாக மாறக்கூடியவை என்று 1997இல் அசஹாரா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் எழுதினார்கள். அந்தச் செல்களின் மேல் சிடி34 என்ற புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் குழாயின் உள்ளே ஒட்டிவைத்தால், ஓடுகிற ரத்தத்திலிருந்து செல்கள் தாமாகவே வந்து மாட்டிக்கொண்டு, குழாய் தனக்கு வேண்டிய உட்சுவரைத் தானே போட்டுக்கொள்ளும் என்பதுதான் யோசனை. மிக நல்ல யோசனை, எனக்கு இன்றைக்கும் அதன்மேல் மதிப்பு உண்டு. இதயக் குழாயைத் திறந்துவைக்கும் வலைக்குழலான ஸ்டென்டில் இதைப் பூசி மனிதர்களுக்கு வைத்துப் பார்த்த முதல் முடிவுகள் 2005இல் வெளிவந்தன.

அதே வருடம் நெதர்லாந்து ஆய்வாளர்கள் டயாலிசிஸ் குழாய் வைப்பது போலவே பன்றியின் கழுத்தில் தமனிக்கும் சிரைக்கும் நடுவே இந்தப் பூச்சுக் குழாயை வைத்துப் பார்த்தார்கள். பூச்சு சொன்னபடி வேலை செய்தது, சில நாட்களுக்குள்ளேயே உள்ளே செல்கள் போர்த்துவிட்டன. ஆனால் சிரையோடு சேரும் முனையில் சதை தடிப்பது, பூச்சில்லாத குழாயைவிட அதிகமாக இருந்தது. டயாலிசிஸ் குழாய் அடைப்பதற்கு முக்கியக் காரணமே அந்த முனைதான் அம்மா. அங்கே வழி குறுகும், ஓட்டம் குறையும், பிறகு ஒரு நாள் ரத்தம் உறைந்து நின்றுவிடும். உட்சுவர் போட்டாகிவிட்டது, ஆனால் அடைக்கிற இடம் இன்னும் மோசம் என்றால் நோயாளிக்கு என்ன லாபம்?

ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பிடோக் ஜெட்டியில் தூண்டில் போடுகிறவருக்கு எந்த மீன் மாட்டும் என்று தெரியாது, சிடி34ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியும் அப்படித்தான். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வேறு மூலச் செல்களிலும் அதே புரதம் இருக்கிறது. மாட்டியவை எல்லாம் நல்ல உட்சுவராகத்தான் மாறும் என்று உறுதி இல்லை.

இன்றைக்கு உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் கணவரின் குழாய்மேல் விரல்களை லேசாக வையுங்கள், உள்ளே ஒரு அதிர்வு ஓடும். அந்த அதிர்வு இல்லையென்றால், அல்லது அது போய் வெறும் துடிப்பு மட்டும் தட்டினால், அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றே நிலையத்துக்கு போன் செய்யுங்கள், உறைந்த ரத்தத்தை எடுக்க ஆகும் ஒவ்வொரு நாள் தாமதமும் கெடுதல். ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமானாலும், மெஷினில் சிரைப்பக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போவதாக நர்ஸ் சொன்னாலும், குறுகல் ஆரம்பித்திருக்கலாம். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், ஈரச்சந்தைப் பையை மாட்டிக்கொண்டு வரவும் விடாதீர்கள்.

டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள். சிரை முனையில் குறுகலை பலூன் வைத்து மட்டும் விரிக்கிறார்களா, உறை போட்ட ஸ்டென்டும் வைக்கலாமா? 2010இல் வந்த ஒரு பெரிய சோதனையில் பலூன் மட்டும் போட்டவர்களில் 23 சதவீதத்தினருக்குத்தான் ஆறு மாதத்தில் அந்த இடம் திறந்திருந்தது, உறை ஸ்டென்ட் வைத்தவர்களில் 51 சதவீதம். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் இரண்டு தடவை அடைத்தவருக்குக் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த வருடம் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்கிறார்கள். இப்போதே கையில் ஃபிஸ்டுலா போடச் சொல்கிறார்கள். ஏன் இந்த அவசரம்? அப்போதைக்கு ஒரு குழாய் வைத்துக்கொண்டால் போதாதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: போடச் சொன்னால் போட்டுவிடுங்கள் தம்பி. ஃபிஸ்டுலா என்பது அப்பாவின் சொந்தத் தமனியையும் சிரையையும் இணைப்பது. சிரை தடித்து ஊசி தாங்கும் அளவுக்கு வளர ஆறு வாரத்திலிருந்து சில மாதங்கள் பிடிக்கும், அதனால்தான் இப்போதே. செயற்கைக் குழாயை இரண்டு மூன்று வாரத்தில் பயன்படுத்தலாம் என்பது உண்மை, ஆனால் தொற்றும் அடைப்பும் அதில் அதிகம். நல்ல சிரை இருக்கிறவருக்கு ஃபிஸ்டுலாதான் முதலில். ஃபிஸ்டுலா போடும் கையில் இப்போதிருந்தே ரத்தம் எடுக்க வேண்டாம் என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு வைக்கப்போகும் குழாயில் ஹெப்பாரின் பூச்சு உண்டு என்றார்கள். அது பன்றியிலிருந்து எடுப்பது என்று கேள்விப்பட்டேன். நிஜமா?
– வாசகி, கேலாங் சிராய்

பதில்: நிஜம். மருந்தாகப் பயன்படும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. பூச்சில் மட்டுமல்ல, டயாலிசிஸ் ஓடும்போது ரத்தம் உறையாமல் இருக்கவும் அதைத்தான் கொடுக்கிறார்கள், அதனால் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். பூச்சில்லாத குழாயும் உண்டு, ஹெப்பாரின் இல்லாமல் டயாலிசிஸ் செய்யும் முறையும் உண்டு, ஆனால் மாமிக்கு எது பாதுகாப்பு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு மார்க்கத்தில் என்ன அனுமதி என்பதை உஸ்தாஸிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அறுவைக்கு முன்பே கேளுங்கள், பிறகு மனம் உறுத்த வேண்டாம்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறேன். இறுதியாண்டுப் புராஜெக்டுக்கு ஆன்டிபாடிப் பூச்சை எடுக்கலாமா, காலம் கடந்த விஷயமா?
– மாணவி, செங்காங்

பதில்: தாராளமாக எடும்மா. சிடி34ஐ விட்டு, எண்டோதீலியச் செல்களுக்கே உரிய விஇ-கேட்ஹெரின் போன்ற புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை முயன்றிருக்கிறார்கள். செல்லைப் பிடிப்பது ஒன்று, தடிப்பைத் தடுப்பது இன்னொன்று என்று இரண்டு பூச்சைச் சேர்ப்பதும் உண்டு, ஆன்டிபாடியோடு தடிப்பை அடக்கும் மருந்தையும் சேர்த்த ஸ்டென்ட் ஏற்கெனவே வந்திருக்கிறது.

உனக்கு வேலை இருப்பது ஒட்டும் முறையில். ஆன்டிபாடி ஆங்கில எழுத்து ஒய் (Y) வடிவம், இரண்டு கைகளும் ரத்தத்தைப் பார்த்து நிற்க வேண்டும், வால்தான் பிளாஸ்டிக்கில் பதிய வேண்டும். குப்புற ஒட்டினால் கை மறைந்துவிடும், பிடிக்காது. ரத்தம் பட்ட சில நொடிகளிலேயே ஆல்புமின், ஃபைப்ரினோஜன் போன்ற ரத்தப் புரதங்கள் எல்லாம் வந்து மேலே படிந்துவிடும், அதையும் தாண்டி ஆன்டிபாடி வேலை செய்ய வேண்டும். அப்புறம் கிருமி நீக்கம்: வழக்கமான நீராவிச் சூட்டில் வைத்தால் புரதம் கெட்டுவிடும்.

போட்டியும் தெரிந்திருக்கட்டும். மனிதச் செல்களை வைத்து ஆய்வகத்தில் குழாய் வளர்த்து, பிறகு செல்களை மட்டும் கழுவி எடுத்துவிட்ட ஒரு குழாய்க்கு, கை கால் ரத்தக் குழாய்க் காயங்களுக்காக அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அதில் பிளாஸ்டிக்கே இல்லை.

கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த விலங்கு, குழாய் எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று முதலில் பார். இரண்டு சென்டிமீட்டர் குழாயில் உட்சுவர் வந்துவிட்டது என்றால் அது பூச்சால் வந்ததா, முனைகளிலிருந்து ஊர்ந்து வந்ததா என்று சொல்லவே முடியாது.