தோல் சட்டைக்காரர்களிடம் சென்ற குருவானவர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கறுப்புத் தோல் சட்டை அணிந்து, பெரிய மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாகச் சென்று சுவிசேஷம் அறிவிக்கும் வெளிநாட்டுக் குழுக்களைக் காணொளிகளில் பார்க்கிறேன். இதை ஊழியம் என்று ஏற்கலாமா, அல்லது தங்கள் பொழுதுபோக்குக்கு ஊழியம் என்று பெயர் வைத்திருக்கிறார்களா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் வண்டியையும் உடையையும் வைத்து இதற்கு விடை காண முடியாது; அந்த வண்டி யாரைத் தேடிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

1960-களின் தொடக்கத்தில், லண்டனின் வடக்கு வட்டச் சாலையில் இருந்த ஏஸ் கஃபே, 'ராக்கர்கள்' எனப்பட்ட பைக் இளைஞர்கள் இரவு பகலாகக் கூடிய இடம். அவர்களுடைய வேகத்தையும் சண்டையையும் பற்றிப் பத்திரிகைகள் கண்டித்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், தாமும் பைக் ஓட்டுபவரான ஆங்கிலிகன் குருவானவர் பில் ஷெர்கோல்ட், அவர்களை ஓர் ஆராதனைக்கு அழைக்க 1962-இல் அங்கே புறப்பட்டார். குருவானவருக்குரிய வெள்ளைக் கழுத்துப்பட்டை தெரியாதபடி துணியால் மறைத்துக்கொண்டுதான் போனார். தம்மைப் பிடித்துக் கால்வாயில் தள்ளிவிடுவார்களோ என்ற அச்சத்தில், முதல் முறை கடையருகே வந்ததும் நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டிக் கடந்தே போய்விட்டார். மீண்டும் ஒருமுறை துணிந்து உள்ளே சென்றபோது அவரை யாரும் அடிக்கவில்லை. சூழ்ந்து நின்று பேசினார்கள், ஆராதனைக்கும் வந்தார்கள். ஹாக்னி விக் பகுதியில் 1959 முதல் திருச்சபை நடத்திவந்த இளைஞர் மன்றமான '59 கிளப்'பில் அவர்களுக்கென்று ஒரு மோட்டார் சைக்கிள் பிரிவு அப்படித்தான் உருவானது. அது இன்றும் இருக்கிறது.

இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொடுவது ஷெர்கோல்டின் அச்சம்தான். தம்மை விரும்பாதவர்கள் இருக்கும் இடம் என்று தெரிந்தே அவர் போனார். ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கும் இளைஞனுக்கு, தன்னோடு தேநீர் அருந்தவும் எஞ்சினைப் பற்றிப் பேசவும் ஒரு குருவானவர் இருக்கிறார் என்பதே பெரிய செய்தி என்று நான் நம்புகிறேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் சந்திப்பவர்களே சேர்ந்து மலைப்பாதையில் சுற்றிவருவது நல்ல ஐக்கியம். அதில் தவறில்லை, ஆனால் அதை ஊழியம் என்று அழைக்க வேண்டியதில்லை.

கேள்வி: இலட்சக்கணக்கில் விலையுள்ள பைக்குகளை வாங்கும் பணத்தை ஏழை நாட்டு ஊழியர்களுக்குக் கொடுத்தால் என்ன?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கொடுக்கவும் செய்கிறார்கள், ஐயா. அமெரிக்காவின் ஆர்கன்சாவைச் சேர்ந்த போதகர் ஹெர்ப் ஷ்ரீவ், தம்மை விட்டு விலகிப்போய்க்கொண்டிருந்த மகனோடு நெருங்குவதற்காகவே பைக் ஓட்டத் தொடங்கியவர். அதன் வழியாகப் பைக் ஓட்டிகளின் உலகத்தை அறிந்து, 1975-இல் கிறிஸ்தவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கம் 1988 முதல் 'ரன் ஃபார் த சன்' என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு பயணம் நடத்துகிறது. உறுப்பினர்கள் அதற்காகத் திரட்டும் காணிக்கையின் ஒரு பகுதி, பல நாடுகளில் கால்நடையாகவே சபைகளைக் கவனிக்கும் போதகர்களுக்கு மோட்டார் சைக்கிள் போன்ற வாகனங்கள் வாங்கச் செலவாகிறது.

நான்கைந்து கிராமங்களில் சபை வைத்திருக்கும் ஓர் ஊழியருக்கு 100 சிசி வண்டி கிடைத்தால், நோயுற்ற ஒருவரைப் பார்க்க நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி வாங்கிக் கொடுக்க நம் வாசகர்களில் யாரேனும் விரும்பினால், சாவியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாமல், பெட்ரோலுக்கும் காப்பீட்டுக்கும் டயர் மாற்றுவதற்கும் சில ஆண்டுகளுக்காவது வழி செய்துவிட்டுக் கொடுங்கள். தலைக்கவசத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.