தூளி கட்டலாமா? – ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். சாயங்காலம் ஆனால் கட்டிலிலிருந்து குதிப்பது, சுவரில் போய் மோதுவது என்று அடங்கவே மாட்டான். தெரபி சென்டரில் ஊஞ்சல் ஆட்டினால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கிறான். எங்களுடையது ஒற்றை அறை வீடு. புடவையில் தூளி கட்டி ஆட்டினால் போதுமா?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாகக் கட்டலாம். ஆனால் எதில் கட்டுகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். ஃபேன் கொக்கி வேண்டாம். ஆடுகிற பளுவுக்காக அதைப் போடவில்லை. நன்றாக வீசி ஆடும் பிள்ளை தன் எடையைப் போல இரண்டு மடங்கு வரை இழுப்பான். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சட்டமும் வேண்டாம். கான்கிரீட் கம்பியோடு சேர்த்துப் பதித்த கொக்கி அல்லது இரும்பு உத்தரம் இருந்தால் மட்டும் கட்டுங்கள். பருத்திப் புடவையை இரட்டையாக மடித்துப் போடுங்கள். சின்தடிக் புடவையில் முடிச்சு வழுக்கும். அவன் உட்கார்ந்த பிறகும் தூளி தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். கீழே மெத்தை. ஆடி முடித்ததும் கையோடு அவிழ்த்து வைத்துவிடுங்கள். தொங்குகிற துணியில் கழுத்து சிக்கிக்கொள்ளும்.

முன்னும் பின்னுமாக, ஒரே சீராக, மெதுவாக 10 நிமிடம். திருகி விட்டுச் சுற்றவிடுவது நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. இவனுக்கு அது வேண்டாம். சுற்றியதன் விளைவு நிறுத்திய பிறகும் நீடிக்கும். சிரித்துக்கொண்டே இறங்கிய பிள்ளை கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுப்பான், அல்லது ராத்திரி தூங்க மாட்டான். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வலிப்பு வந்த பிள்ளையென்றால் டாக்டரைக் கேட்காமல் ஆட்டவே கூடாது.

‘போதுமா’ என்று கேட்டீர்களே, போதாது. குதிக்கிற, மோதுகிற பிள்ளை பெரும்பாலும் தேடுவது தசையிலும் மூட்டிலும் விழுகிற அழுத்தத்தை. தூளி அதைக் கொஞ்சம்தான் தரும். அவனுக்குக் கனமான வேலை கொடுங்கள். தெருப் பம்பில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் பாட்டில் இரண்டைத் தூக்கி வரச் சொல்லுங்கள். ஈரத் துண்டை அவனும் நீங்களும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழியுங்கள். சப்பாத்தி மாவைப் பிசையட்டும். சுவரை இரண்டு கையாலும் பத்து தடவை தள்ளட்டும். ஆறு மணிக்குக் குதிக்க ஆரம்பிப்பான் என்றால் ஐந்தரைக்கே இதையெல்லாம் முடித்துவிடுங்கள். ஆரம்பித்த பிறகு கொடுத்தால், குதித்ததற்குப் பரிசு கிடைத்தது போல ஆகிவிடும்.

இன்னொன்று. உடலும் புலன்களும் தரும் உணர்வுகளை மூளை ஒழுங்குபடுத்தப் பழக்குவதுதான் உணர்வு ஒருங்கிணைப்பு (சென்சரி இன்டக்ரேஷன்) முறை. அதை உருவாக்கிய அமெரிக்கத் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ், குழந்தை தானே முனைந்து செய்ய வேண்டும் என்பதை அதற்கு அடிப்படையாக வைத்தார். சும்மா கிடத்தி ஆட்டுவது தாலாட்டு, தெரபி ஆகாது. தூளியில் குப்புறப் படுக்கவைத்து, சுருட்டிய சாக்ஸைத் தரையிலிருந்து எடுத்து எதிரே இருக்கும் பக்கெட்டில் போடச் சொல்லுங்கள். கழுத்து, முதுகு, கண், கை நாலும் வேலை செய்யும். என்ன செய்தீர்கள், அடுத்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தான், எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் அந்த நோட்டைத் தெரபிஸ்ட்டிடம் காட்டி வேறு வழி கேளுங்கள்.

கேள்வி: ஏழு வயது மகள். குக்கர் விசில், மிக்ஸி, தெருவில் சாவு மேளம் எதுவும் ஆகாது; காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்கினோம், இப்போது கழற்றவே விடுவதில்லை.
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: முதலில் காது பரிசோதனை செய்துவிடுங்கள். சளி கட்டியிருந்தாலும், கேட்கும் திறன் குறைந்திருந்தாலும் வைத்தியமே வேறு. ஹெட்ஃபோன் மேளத்துக்கு, பட்டாசுக்கு, கல்யாண மண்டபத்துக்கு. சத்தம் நின்றதும் கழற்ற வேண்டும். நாள் முழுக்க மாட்டியிருந்தால் சாதாரணச் சத்தத்துக்குக்கூடக் காது கூச ஆரம்பிக்கும். ஒரேயடியாகப் பிடுங்காமல் தினம் பத்து நிமிடமாகக் குறையுங்கள்.

விசிலில் சத்தத்தைவிட, எப்போது வரும் என்று தெரியாததுதான் பல பிள்ளைகளை உலுக்குகிறது. ஆவி சீறத் தொடங்கியதும் ‘இப்போ வரும்’ என்று சொல்லுங்கள். மிக்ஸி சுவிட்சை அவள் கையிலேயே கொடுங்கள், மூன்று எண்ணியதும் நிறுத்தட்டும். பழகட்டும் என்று இழுத்துப் பிடித்து மிக்ஸி பக்கத்தில் நிறுத்துவது கொடுமை, பலனும் இல்லை.

கேள்வி: நாலு வயது மகனுக்கு முடி வெட்டுவது பெரும் போராட்டம். மூன்று பேர் பிடித்துக்கொள்கிறோம்.
– ஒரு தந்தை, வியாசர்பாடி

பதில்: பிடிக்காதீர்கள் ஐயா. அடுத்த தடவை இன்னும் மோசமாகும். ஞாயிற்றுக்கிழமை சலூன் வேண்டவே வேண்டாம். வார நாளில் பதினொரு மணி வாக்கில், கூட்டமில்லாத நேரம் பாருங்கள். முதல் இரண்டு தடவை வெட்டாமல், உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். மெஷின் வேண்டாம், அதன் அதிர்வு மண்டை முழுக்க ஏறும். தண்ணீர் பீய்ச்சுவதற்குப் பதில் ஈரத் துண்டால் துடைக்கச் சொல்லுங்கள். ஆரம்பிக்கும் முன் உள்ளங்கையால் தலையிலும் தோளிலும் ஒரு நிமிடம் அழுத்தம் கொடுங்கள். லேசாகத் தடவினால் கூசும். கழுத்தில் விழுந்த முடிதான் கடைசிவரை அரிக்கும், மாற்றுச் சட்டை கையில் இருக்கட்டும். அன்றைக்குப் பாதித் தலையோடு வந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: வாரம் ஒரு செஷனுக்கே பணம் புரட்ட முடியவில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், எண்ணூர்

பதில்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதில் தெரபியும் சேரும், பில்களைப் பத்திரமாக வையுங்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. எண்ணூரிலிருந்து ஊரின் மறுகோடி என்பதால், மாதம் ஒரு முறை போய் வீட்டுப் பயிற்சியை எழுதி வாங்கி வந்தாலே பெரிய காரியம்.

காசு கொடுக்கிற இடத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். தெரபிஸ்ட் நாலரை ஆண்டு பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பு) படித்தவரா? செஷன் நடக்கும்போது நீங்கள் உள்ளே உட்காரலாமா? மூன்று மாதத்தில் பிள்ளை எந்த வேலையைத் தானே செய்யும்? ‘சென்சரி நன்றாக ஆகும்’ என்று பொத்தாம்பொதுவாகப் பதில் வந்தால் விடாதீர்கள். ‘பட்டன் போடுவாள்’, ‘ஸ்பூனால் சாப்பிடுவாள்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.