பக்க வடிவமைப்பு மென்பொருள் இதழுக்குச் சந்தா: அச்சா, டிஜிட்டலா?

‘வவுனியாவில் கிராபிக் டிசைன் படிக்கிறேன், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன், படம் திருத்தும் போட்டோஷொப் பற்றி வரும் வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டப் போகிறேன், அச்சுப் பிரதிக்குத் தபால் செலவோடு டிஜிட்டலைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள், எதை எடுக்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் காசு கேட்டுத்தான் கட்டப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் எடுங்கள். ஆனால் ஒவ்வொரு இதழையும் பிடிஎஃப் ஆக இறக்கி உங்கள் கொம்பியூட்டரிலேயே வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள். விடமாட்டோம், எங்கள் செயலிக்குள் வந்துதான் வாசிக்கவேண்டும் என்றால் அந்தச் சந்தா வேண்டாம்.

இங்கே ஏற்கெனவே பதில் எழுதிய சிலர் அச்சுத்தான் நிலைக்கும், டிஜிட்டல் நம்ப முடியாதது என்று எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்தபிறகுதான் நானும் எழுதவேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் இருக்கும் ஊரில் அது உண்மையாக இருக்கலாம். போர் நடந்த வன்னியில் வளர்ந்த என்னால் அதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

2002இல் போர்நிறுத்தத்தோடு, வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபோது என் அண்ணா புதுக்குடியிருப்பில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். லைன் கரண்ட் கிடையாது, ஜெனரேற்றர் ஓடும் மணித்தியாலங்களில்தான் வேலை. பாதை திறந்ததும் கொழும்புக்குப் போய்வந்தவர்களிடம் சொல்லி, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளிலிருந்து கொம்பியூட்டர் இதழ்களை எடுப்பித்தார். பெரும்பாலும் பேஜ்மேக்கர், கோரல்ட்ரோ என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் பற்றியவை. மற்றவர்கள் வாசித்து விற்ற பழைய இதழ்கள்தான், ஆனால் எங்களுக்கு அவை புதியவை. அண்ணா ஓரங்களில் பென்சிலால் தமிழில் குறிப்பு எழுதி வைப்பார். எந்த மெனுவுக்குள் எது இருக்கிறது, பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்றெல்லாம் எழுதியிருப்பார். எனக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது. அந்தப் பென்சில் குறிப்புகளை வாசித்துத்தான் நான் தொழில் பழகினேன்.

போரில் இடம்பெயர்ந்தபோது அந்த இதழ்கள் இருந்த பெட்டி விசுவமடுவரை எங்களோடு வந்தது. அதற்கப்புறம் டிரக்டரில் அரிசி மூட்டைக்கும் தறப்பாளுக்கும் ஆட்களுக்கும் மட்டுந்தான் இடம் இருந்தது. அண்ணா ஒரு வார்த்தையும் சொல்லாமல் பெட்டியை இறக்கி வைத்தார். அவ்வளவுதான். தாள் நிலைக்கும் என்று யாராவது எழுதினால் எனக்கு முதலில் அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

இதைச் சொன்னால் அச்சுக்கு எதிரானவன் என்று நினைத்துவிடுவீர்கள். இல்லை. நான் இப்போது கிளிநொச்சியில் இருப்பதே அச்சகம் ஒன்றில்தான், தாளில்தான் என் சாப்பாடு. மீளக் குடியேறியபின் லண்டனில் இருக்கும் மச்சான் என் பெயரில் ஒரு இதழுக்கு அச்சுச் சந்தா கட்டித் தந்தார். சில மாதம் வராது, பிறகு இரண்டு இதழ் ஒன்றாக வரும். மூலை மடிந்து வரும், உறை கிழிந்து வரும். இருந்தாலும் வந்த ஒவ்வொன்றையும் விளம்பரம் உட்பட வாசித்தேன். அதில் படித்த ஒன்றை இங்கே விவரமாகச் சொல்கிறேன், உங்களுக்கும் கட்டாயம் தேவைப்படும்.

ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு நூற்றுக்கணக்கில் சான்றிதழ் அடிக்கவேண்டியிருந்தது. பெயரும் தரமும் பாடமும் மட்டும் மாறும். இன்டிசைனில் டேட்டா மேர்ஜ் என்று ஒன்று இருக்கிறது, பட்டியலைக் கொடுத்தால் பெயர்களைத் தானே எடுத்துப் பக்கம் பக்கமாகப் போட்டுவிடும். பாடசாலையில் பட்டியலைப் பாமினியில், நோட்பேடில், கமா போட்டுப் பிரித்து அடித்துத் தந்திருந்தார்கள். ஓடவிட்டால் முக்கால்வாசிப் பெயர் சரியாக வருகிறது, மிச்சம் குழம்பிவிடுகிறது. இந்துஜா என்ற பிள்ளையின் சான்றிதழில் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, தரம் வரவேண்டிய இடத்தில் ‘ந்துஜா’ என்று நிற்கிறது. இராகவன், இளங்கோ எல்லோருக்கும் இதே கதி. பாமினி தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். அந்த எழுத்துருவில் ‘இ’ இருப்பது கமா விசையில். மென்பொருளுக்குப் பாமினி தெரியாது, கமாவைக் கண்டால் பட்டியலின் அடுத்த நிரலுக்குப் போய்விடும்.

இது எனக்கு அப்போது விளங்கவில்லை. கரண்டும் போய்விட்டது. இதழை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் இருந்து அந்தக் கட்டுரையை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், நரைப் பெட்டிக்குள், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தரவுக்குள்ளேயே கமா வருமென்றால் கமாவால் பிரிக்காதீர்கள், டாப் (Tab) விசையால் பிரித்து எழுத்துக்கோப்பாகச் சேமியுங்கள் என்று போட்டிருந்தது. எழுதியவர் முகவரிகளில் வரும் கமாவைப் பற்றித்தான் சொல்லியிருந்தார், பாமினியைப் பற்றி அவர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். கரண்ட் வந்ததும் பட்டியலை டாப்புக்கு மாற்றி ஓடவிட்டேன், ஒரு பெயரும் பிசகவில்லை. இப்போது, தமிழ் எழுத்துகளுக்கென்று தனிக் குறியீடு உள்ள யுனிகோட்டில் பட்டியல் வந்தால் எக்செலில் ‘யுனிகோட் டெக்ஸ்ட்’ என்று சேமிக்கிறேன். டாப் பிரிப்பும் கிடைக்கும், தமிழும் கேள்விக்குறியாக மாறாது. அந்தப் பரிசளிப்பில் ஒரு பிள்ளையும் பெயர் பிழைத்த சான்றிதழோடு வீட்டுக்குப் போகவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

அச்சுப் பிரதிக்கு இன்னொரு நன்மை இருக்கிறது, அதைத் திரை ஒருபோதும் தராது. நல்ல இதழ் ஒன்றின் அட்டையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகளும் வெவ்வேறு கோணத்தில் நிற்கும். வழக்கமாக சியான் என்ற நீலம் 15 பாகை, மஜென்டா என்ற இளஞ்சிவப்பு 75, கறுப்பு 45, மஞ்சள் 0. அட்டையின் கரும் பின்னணி எங்கள் கறுப்பைவிட ஏன் ஆழமாகத் தெரிகிறது என்று பார்த்தால், கறுப்புக்குக் கீழே சியான் புள்ளி கிடக்கும். உள்ளே பொடி எழுத்துகளைப் பார்த்தால் தனிக் கறுப்பு மட்டும் இருக்கும். தமிழில் இது இன்னும் முக்கியம். பொடி எழுத்தை நான்கு நிறக் கறுப்பில் விட்டுவிட்டு, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பதிவு ஒரு மயிரிழை விலகினாலும் ‘ண’வின் சுழியும் ‘ஞ’வின் வயிறும் அடைத்துவிடும். கடையில் வேலை பழகவரும் பெடியளுக்கு இதை நான் அச்சு இதழை வைத்துத்தான் காட்டுகிறேன். அதனால் அச்சில் ஒரு இதழாவது கையில் இருக்கட்டும். பழைய இதழ் ஒன்று கிடைத்தாலே போதும், அதற்காக வருடச் சந்தா தேவையில்லை.

பிறகு நான் ஏன் மாறினேன்? 2020இல் கொரோனாவோடு வெளிநாட்டுத் தபால் முடங்கியது, கட்டிய சந்தாவில் பாதி கைக்கு வரவே இல்லை. மச்சானுக்கும் இனிமேல் சுமை கொடுக்க மனமில்லை, நானே கட்டுகிறேன் என்று சொல்லியிருந்த நேரத்தில் 2022 வந்தது. ஏறக்குறைய 200 ரூபாவில் நின்ற டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 தாண்டியது. தாளே இல்லை. அந்த மார்ச்சில் கொழும்பில் த ஐலண்ட், திவயின பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தின, மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். அச்சடிக்கவே தாள் தேடி அலைந்த நேரத்தில், விமானத்தில் வரும் இதழுக்கு டொலரில் காசு கட்ட எனக்கு மனம் வரவில்லை.

டிஜிட்டலுக்கு வந்தபிறகுதான் அதன் பலன் தெரிந்தது. எல்லா இதழையும் ஒரே போல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். பிடிஎஃப் திறக்கும் அக்ரோபாட்டில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் போல்டர் முழுவதையும் ஒரே தடவையில் தேடலாம். ஓவர்பிரின்ட் என்று அடித்தால் எந்த இதழில் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். அச்சில் இதைத் தேட ஒரு பின்னேரம் போய்விடும். தேவையான பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து மேசையில் வைத்துக்கொள்கிறேன், திரை முழுவதும் வேலைக்கு மிஞ்சும்.

இந்தத் துறைக்காரர்களே எப்போதோ இதைச் செய்துவிட்டார்கள். இன்டிசைனுக்கென்றே வந்த ‘இன்டிசைன் மேகசின்’ 2004இல் தொடங்கியபோதே பிடிஎஃப் ஆகத்தான் வந்தது. அச்சுப் பக்கம் செய்பவர்களுக்காக அச்சுப் பக்கம் செய்பவர்களே நடத்திய இதழ் அது. மக் கொம்பியூட்டர் இதழான மக்வேர்ல்ட் 2014இல் அமெரிக்க அச்சுப் பதிப்பை நிறுத்தியது. பிரித்தானியாவின் டிசைன் இதழான கம்பியூட்டர் ஆர்ட்ஸ் 2020இல் முழுதாகவே நின்றது. இதழ் நின்றாலும், இறக்கி வைத்த பிடிஎஃப் நின்றுவிடாது.

அதனால்தான் இறக்க விடாதது வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். பக்கம் புரளுவது போலக் காட்டும் இதழ்கள் ஒரு காலத்தில் பிளாஷ் என்ற மென்பொருளில் வந்தன, இன்டிசைனே அப்படி ஏற்றுமதி செய்து தந்தது. 2020 டிசம்பர் 31ஓடு பிளாஷ் பிளேயரை அடோபி நிறுவனம் கைவிட்டது, அந்த இதழ்கள் இப்போது சாதாரண பிரவுசரில் திறக்கா. ஐபாட் (iPad) டேப்லட்டில் நியூஸ்ஸ்டாண்ட் என்று இதழ்களுக்கான ஒரு தட்டு இருந்தது, 2015இல் அதையும் எடுத்துவிட்டார்கள். சாதாரண பிடிஎஃப் 1990களில் செய்ததும் இன்றைக்குத் திறக்கும். சில இதழ்கள் சந்தா ஓடும்வரை மட்டும் பழைய இதழ்களைக் காட்டும், நின்றால் கதவைச் சாத்திவிடும். வந்த அன்றைக்கே இறக்குங்கள். ஒரு பிரதி கொம்பியூட்டரில், ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்கில், முடிந்தால் இன்னொன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க் செத்தால் என்ன செய்வாய் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில்.

ஆங்கில இதழால் தமிழ் வேலைக்கு என்ன பிரயோசனம் என்றும் யாராவது கேட்பார்கள். தமிழ் பற்றி அவற்றில் எழுதமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் அரபு, ஹீப்ரு வேலைக்காரர்களுக்கு என்று வரும் கட்டுரைகளைத் தாண்டிப் போகாதீர்கள். அவர்களுக்குத் தேவைப்படும் அதே வசதிதான் எங்களுக்கும் தேவை. இன்டிசைனில் பத்தி பனலின் மெனுவில், எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அடோபி வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்று ஒன்று இருக்கும். யுனிகோட் தமிழில் கொம்பு இடம்மாறி, புள்ளி வட்டம் வந்து நின்றால் அதைத் தெரிவு செய்தாலே சரியாகிவிடும். 2012இல் இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு வந்தபோது தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளுக்கு அந்த வசதி வந்தது. அதற்கு முன் நாங்கள் பட்ட பாடு உங்கள் வயதுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

ஒன்று கேட்கவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். இவ்வளவு படித்து, டொலரில் காசு கட்டிப் பழகும் வேலைக்கு எங்கள் சனம் ஏன் ஒரு ரூபாவும் தர நினைப்பதில்லை? “அடிக்கிறதுக்குத்தானே காசு அண்ணை, டிசைன் சும்மா செய்து தருவீங்கள்தானே” என்று கடைக்கு வருபவர்களில் பலரும் கேட்கிறார்கள். அந்தியேட்டிக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவாக அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் புத்தகம் என்றால் இன்னும் கொடுமை. 31ஆம் நாள் விடியப் புத்தகம் வேண்டும், முதல்நாள் இரவில்தான் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அது தபால் முத்திரை அளவுக்குச் சுருங்கி வரும். இறந்தவரின் முகம் அட்டையில் தெளிவாக இருக்கவேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவது நியாயம். எனக்கும் அதே ஆசைதான். படத்தை டொக்கியூமென்ட் ஆக அனுப்புங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியும் இருக்கிறேன். இரவிரவாக இருந்து அந்த முகத்தைத் திருத்துவது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு. நீங்கள் படித்து முடித்துத் தொழிலுக்கு வந்தால் பில்லில் டிசைனுக்கென்று தனி வரி போடுங்கள். நாலு கடை அப்படிப் போட்டால் ஐந்தாவது கடையும் போடும்.

சரி, சந்தாவுக்கு வருவோம். ஒரு வருடம் ஒன்றாகக் கட்டாதீர்கள், மாதச் சந்தா இருந்தால் அதில் தொடங்குங்கள். மாணவர் விலை இருக்கிறதா என்று மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், சிலர் அதை இணையப் பக்கத்தில் எழுதாமல் வைத்திருப்பார்கள். வங்கி கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் காசு போகாது. வங்கிக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். கட்டி முடிந்ததும் கணக்குக்குள் போய்த் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். டொலர் எந்த விலையில் நிற்கும் என்று தெரியாத நாட்டில், வேறொருவர் குறித்த திகதியில் உங்கள் கார்டிலிருந்து காசு எடுக்க விடக்கூடாது.