கோட் வந்தா உடனே சென்சார மாத்தணுமா?

கேள்வி: அண்ணே, என்கிட்ட 2015 பெட்ரோல் கார் இருக்கு. ரெண்டு மாசமா செக் என்ஜின் லைட் எரியுது, ஆனா வண்டில ஒரு குறையும் தெரியல, இழுவை நல்லா இருக்கு, ஸ்டார்ட்டிங் பிரச்சனை இல்ல, மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தோணுது. மெக்கானிக் பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டினார், அணைஞ்சுது, அஞ்சு நாள்ல திரும்ப வந்துடுச்சு. அப்புறம் ஸ்கேன் பண்ணி பி0171னு கோட் வருதுன்னு புகைல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பாக்கற ஆக்சிஜன் சென்சாரையே மாத்தினாங்க. ஒரு வாரத்துல மறுபடியும் லைட். இப்போ என்ஜினோட கம்ப்யூட்டர், அதான் ஈசியூ, போயிருக்கும்ங்கறாங்க. என்ன பண்ண?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, ஈசியூல கைவைக்க விடாதீங்க, தயவுசெஞ்சு. பி0171னா சென்சார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமே இல்ல. பெட்ரோலுக்குக் காத்து 14.7 மடங்கு எடைல இருக்கணும், அதவிட காத்து அதிகமாத் தெரியுதேன்னு ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பாத்து, இதுக்கு மேல கூட்ட முடியாதுங்கற எல்லைக்கு வந்ததும் லைட்டைப் போடுது. அதனாலதான் உங்களுக்கு ஓட்டும்போது குறை தெரியல, மைலேஜ்தான் அடிவாங்குது. பேட்டரியக் கழட்டினா அது கூட்டி வச்ச கணக்கெல்லாம் அழிஞ்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கும், திரும்ப எல்லைக்கு வர அஞ்சாறு நாள் ஆகுது, அவ்வளவுதான். கோட் விழுந்த நேரத்துல ஆர்பிஎம் எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவுன்னு சேத்து வச்சிருக்கற ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதோட போயிடும், நமக்குக் கிடைக்கற நல்ல சாட்சியே அதுதான். அதனால இனிமே அழிக்கறதுக்கு முன்னாடி அத ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

என் அக்கா வண்டிலயும் இதே கோட், ரெண்டு எடத்துல சென்சார்னுதான் சொன்னாங்க. நான் ஸ்டியரிங் அடியில இருக்கற 16 பின் சாக்கெட்ல ப்ளூடூத் ஸ்கேனர் மாட்டி ஃப்யூயல் ட்ரிம் பாத்தேன், அதாவது ஈசியூ எத்தன சதவீதம் பெட்ரோலைக் கூட்டுதுங்கற கணக்கு. ஐடிலிங்ல லாங் டெர்ம், அதாவது நாள்பட்ட கணக்கு, 22, ஆக்சிலரேட்டரைக் கொடுத்து 2500 ஆர்பிஎம்ல புடிச்சா 6க்கு எறங்குது. பத்துக்குள்ள இருந்தா பெருசா கவலையில்ல. ஐடில்ல மட்டும் ஏறுதுன்னா எங்கயோ வெளிக்காத்து உள்ள வருதுன்னு அர்த்தம். இதுவே பெட்ரோல் பம்ப் வீக்கா இருந்தா தலைகீழா, மேடு ஏறும்போதுதான் ட்ரிம் ஏறும். ஓஸ் எல்லாம் கையவிட்டு மடக்கிப் பாத்தேன், வெடிப்பு இல்ல. மறுநாள் காலைல பானட்டைத் தொறந்து வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னா டிக் டிக் டிக்னு ஒரு சின்ன சத்தம். ஹீட் ஷீல்டைக் கழட்டுனா, என்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற குழாய் சேர்ற எடத்துல இருக்கற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்துல மை தீட்டின மாதிரி ஒரு விரல் நீளத்துக்குக் கரி. அந்த இடுக்கு வழியா வெளிக்காத்து உள்ள போயி சென்சார்ல பட்டிருக்கு, அது பாத்தத பாத்தபடி சொல்லியிருக்கு பாவம். கேஸ்கெட் மாத்தினதும் ட்ரிம் 4க்கு வந்துடுச்சு, சென்சார் விலைல கால்வாசிகூட ஆகல.

உங்களுக்கும் இதேதான்னு நான் சொல்லல, ட்ரிம் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. ஐடில்லயும் 2500லயும் நம்பர் எடுத்துட்டு, அந்த நம்பரோட மெக்கானிக்கிட்ட போங்க, ஓஸ்ல சந்தேகம் இருந்தா ஸ்மோக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, புகை கசியற எடத்த கண்ணாலயே பாத்துடலாம். குறைய சரி பண்ணிட்டா நீங்க அழிக்கலன்னாகூட தொடர்ந்து மூணு ட்ரிப் சுத்தமா போனா லைட் தானா அணையும்.

லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா மட்டும் ஓட்டாதீங்க, ஓரமா நிறுத்திடுங்க, அது மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் போயி, புகையச் சுத்தம் பண்ற கன்வர்ட்டரையே எரிச்சுடும்.

டிக் டிக் சத்தத்தை மட்டும் காலைல வண்டி ஆறிக் கெடக்கும்போதே கேட்டுடுங்க. ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போறதுக்குள்ள இரும்பு சூடாயி விரிஞ்சு இடுக்கை மூடிக்கும், அங்க போயி நின்னா சத்தமே இருக்காது.