பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் உள்ள நிலையில், சென்னைக் காசிமேட்டில் வசிக்கும் என்னை உணவும் நடையும் காக்குமா?

முழுமையாகக் காக்கும் என்று உறுதி கூற இயலாது; ஆனால், நோய் வரும் வாய்ப்பு கணிசமாகக் குறையும். சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களுக்கு அவ்வாய்ப்பு ஏறக்குறைய 28 விழுக்காடு குறைந்தது.

இதன் காரணம் பெரும்பாலும் தசையில் இருக்கிறது. உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்வதோடு, நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது. ஆகவே ஞாயிறன்று மட்டும் வியர்க்க ஓடுவதைவிட, உலக சுகாதார நிறுவனம் கூறும் வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியைப் பல நாள்களுக்குப் பகிர்ந்துகொள்வதே மேல். கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையைத் தவிர்த்து உள்தெருக்களில் நடக்கலாம்.

உணவில், சோற்றைக் குறைத்துக் கீரையையும் பயறையும் கூட்டுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிடைக்கும் மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றின் ஒமேகா-3 கொழுப்பு இதயத்துக்கு நல்லது. வறுவலாக அன்றிக் குழம்பாகச் சமைத்தால் எண்ணெயும் மிச்சம். கருவாடு சுவையானதுதான், மறுக்கவில்லை. எனினும், நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டிய உப்பை அது எளிதில் மீறச்செய்து இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

குடும்பப் பின்னணி இருப்பதால், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுதோறும் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.