பட்டறைப் பதில்கள்: கல்லில் இடித்தால் கொத்து விலகணும்

மினி டிராக்டருக்குக் கலப்பை வாங்குவதைப் பற்றிப் போன இதழில் எழுதும்போது, மலை நிலத்துக்கு ஸ்பிரிங் வைத்த கொத்துக் கலப்பைதான் சரி என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். சட்டத்தில் வரிசையாகத் தொங்கி மண்ணைக் கீறுகிற இரும்புக் கால்தான் கொத்து, அதன் நுனியில் இருப்பது கொழு. அந்த ஒரு வரிக்குக் கொடைக்கானல் மேல்மலையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுடையது மன்னவனூர் பக்கம். முன்பு யூகலிப்டஸ் நின்ற இரண்டு ஏக்கரை உருளைக்கிழங்குக்குத் திருத்திக்கொண்டு இருக்கிறோம், வேரும் கல்லும் இன்னும் போன பாடில்லை. பழைய ஐந்து கொத்து ஸ்பிரிங் கலப்பை ஒன்று வாங்கினேன். இரண்டு ஸ்பிரிங் அறுந்துபோனதும் ஒரு பட்டறையில் கொடுத்தேன், அவர்கள் ஐந்து கொத்தையும் சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டார்கள். இப்போது சட்டமே வளைந்து நிற்கிறது. கனமான சட்டமாகப் போட்டுவிடலாமா, இல்லை மறுபடி ஸ்பிரிங்தானா? (ஒரு வாசகர், மன்னவனூர்)

பதில்: மறுபடி ஸ்பிரிங்தான். கனமான சட்டம் போட்டால் அடுத்து வளைவது கலப்பையைப் பிடித்திருக்கிற டிராக்டரின் கீழ் இணைப்புக் கையாக இருக்கும், அதற்கு ஆகிற செலவு இதைவிட அதிகம். ஓடுகிற வண்டியில் கொழு ஒரு கல்லில் மாட்டினால் அந்த வேகம் எங்காவது போய்த்தானே ஆகணும்? கொத்து விலகினால் ஸ்பிரிங் அதை வாங்கிக்கொள்ளும். விலகாவிட்டால் இருப்பதில் எது பலவீனமோ அது வளையும், இல்லையென்றால் ஒடியும்.

உங்கள் கலப்பையில் ஒவ்வொரு கொத்தும் ஓர் அச்சு போல்டில் தொங்குகிறது. அதை முன்னால் இழுத்துப் பிடித்து ஒரு தடுப்பில் சாய்த்து நிறுத்துவதுதான் இரண்டு ஸ்பிரிங்கின் வேலை. கொழு நுனியில் கல்லோ வேரோ தட்டி, அந்தத் தள்ளல் ஸ்பிரிங்கின் பிடியைத் தாண்டினால், கொத்து தடுப்பை விட்டுப் பின்னாலும் மேலாகவும் போய், தடையைத் தாண்டியதும் படக்கென்று பழைய இடத்துக்கு வந்துவிடும். இதில் கணக்கு ஒன்றே ஒன்றுதான். அச்சிலிருந்து கொழு நுனி 45 செ.மீ. கீழே இருக்கிறது, ஸ்பிரிங் இழுக்கிற கோடு அச்சிலிருந்து 9 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45க்கு 9, ஐந்துக்கு ஒன்று. நுனியில் 100 கிலோ தள்ளல் வரைக்கும் கொத்து அசையாமல் நிற்க வேண்டும் என்றால் இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 500 கிலோ இழுக்க வேண்டும், ஆளுக்கு 250. ஸ்பிரிங் அவ்வளவு தடியாக இருப்பதற்கு இதுதான் காரணம். நுனியில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும், நீளமான கொழு போட்டாலும்கூட, இந்தக் கணக்கு மாறிவிடும்.

யூகலிப்டஸ் நிலம் என்று எழுதியிருந்தீர்கள். தானாக விலகித் திரும்பி வரும் கலப்பைக்கு வழி காட்டியதே ஒரு யூகலிப்டஸ்தான், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. தென் ஆஸ்திரேலியாவில் யார்க் தீபகற்பம் என்று ஓர் இடம். அங்கே மாலி என்கிற புதர் யூகலிப்டஸ் காட்டை வெட்டி நிலமாக்கினார்கள். மேலே வெட்டினாலும் மண்ணுக்குள் முண்டு முண்டாக வேர்க்கட்டை கிடக்கும், போட்ட கலப்பையெல்லாம் ஒடிந்தது. 1876ல் ரிச்சர்ட் பௌயர் ஸ்மித் என்பவர், தம்பி கிளாரன்ஸும் கூடச் சேர்ந்து, ஒவ்வொரு கொழுவையும் தனித்தனிக் கீலில் தொங்கவிட்டுப் பார்த்தார். கட்டையில் இடித்தால் அந்த ஒரு கொழு மட்டும் ஏறித் தாண்டும், பிறகு எடையின் பலத்தில் தானாக மண்ணுக்குள் இறங்கும். எடை இருந்த இடத்துக்குப் பின்னாளில் ஸ்பிரிங் வந்தது. உங்கள் இரண்டு ஏக்கரில் கிடக்கிற அதே சாதி வேருக்குப் பதிலாக வந்த கருவியைத்தான் அந்தப் பட்டறையில் வெல்டு வைத்துக் கெட்டியாக்கியிருக்கிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டிய வேலை. வெல்டை அரைத்து எடுத்த பிறகு அச்சு போல்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய கலப்பை என்பதால் பெரும்பாலும் போல்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, விரலை ஓட்டினால் ஒரு படி தட்டுப்படும். துளை வட்டமாக இல்லாமல் முட்டை மாதிரி நீண்டிருக்கும், உள்ளே சிவப்பு மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து அரைத்த மாவு மாதிரி இறுகிக் கிடக்கும். அந்த மாவுதான் இரும்பைத் தின்றது. துளையைப் பெரிதாக்கிப் புதிய புஷ் (துளைக்குள் போடுகிற உலோக வளையம்) அடிக்கச் சொல்லுங்கள், எந்த லேத்துப் பட்டறையிலும் செய்வார்கள். இதைச் செய்யாமல் புது ஸ்பிரிங் மட்டும் மாட்டினால் கொத்து பக்கவாட்டில் ஆடி, திரும்பும்போது தடுப்பில் உட்காராமல் ஓரத்தில் சிக்கி நிற்கும்.

ஸ்பிரிங் அறுந்தது அனேகமாகக் கொக்கி வளைவில்தான் இருக்கும், இழுவை ஸ்பிரிங் அறுகிற இடம் அது. அதை வெல்டு வைத்துத் தரச் சொல்லாதீர்கள், சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். ஒன்று அறுந்திருந்தாலும் அந்தக் கொத்தின் ஜோடியையே மாற்றுங்கள். கடையில் கொஞ்சம் தடித்த கம்பியில் இருக்கிறது, இன்னும் நன்றாக உழைக்கும் என்று சொன்னால் வாங்க வேண்டாம். 10 மி.மீ. கம்பி இருந்த இடத்தில் அதே அளவுச் சுருளில் 11 மி.மீ. வந்தால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். கம்பியின் கனத்தை அதாலேயே நான்கு முறை பெருக்குகிற கணக்கில் (1.1 × 1.1 × 1.1 × 1.1) விறைப்பு ஏறும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

மாட்டும்போதும் கழற்றும்போதும் ஸ்பிரிங்கின் இழுவையைக் கூட்டிக் குறைக்கிற நட்டைத் தளர்த்தித்தான் வேலை செய்யணும். இருபத்திரண்டு வயதில் அவசரத்துக்குக் கடப்பாறையை நுழைத்துக் கொக்கியை நெம்பினேன், அது நழுவி வந்து இடது புருவத்தைக் கிழித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கலப்பையை ஹைட்ராலிக்கில் தொங்கவிட்டுவிட்டு அடியில் உட்காரவும் வேண்டாம், கட்டை வைத்துத் தாங்கல் கொடுத்த பிறகு வேலையைப் பாருங்கள்.

அப்புறம் எவ்வளவு முறுக்குவது? பலரும் தவறுவது இங்கேதான். கெட்டியாக இருந்தால் நல்லது என்று நட்டைக் கடைசி வரைக்கும் முறுக்கிவிடுகிறார்கள். உங்களுடையது மினி டிராக்டர், கலப்பையும் லேசானது, ஹைட்ராலிக் அதைத் தூக்குமே தவிரக் கீழே அழுத்தாது. ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருந்தால் கல்லில் ஒரு கொத்து மாட்டும்போது கொத்து விலகுவதற்கு முன்னால் மொத்தச் சட்டமும் எழும்பிவிடும், மற்ற நான்கு கொத்தும் மண்ணை விட்டு வெளியே வந்துவிடும். ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கேரட் மூட்டை எடை போடுகிற தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள், 300 கிலோ தாங்குகிறதாக இருக்கட்டும். கலப்பையை அசையாமல் கட்டிப்போட்டு, கொழு நுனியில் சங்கிலி போட்டு, தராசை நடுவில் வைத்து செயின் பிளாக்கால் மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். இழுக்கிற ஆள் சங்கிலிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். கொத்து தடுப்பை விட்டு ஒரு நூல் விலகும்போது தராசு என்ன காட்டுகிறதோ அதுதான் அந்தக் கொத்தின் விடுபலம். ஐந்துக்கும் எழுதி வையுங்கள். ஒன்று 70, ஒன்று 140 என்று இருந்தால் பலவீனமான கொத்து எப்போதும் மேலோட்டமாகவே ஓடும். முதலில் எல்லாவற்றையும் சமமாக்குங்கள். பிறகு கல் இல்லாத ஓரத்தில், வழக்கமான ஆழத்தில், பத்து மீட்டர் ஓட்டிக்கொண்டே பக்கத்திலிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வெறும் மண்ணிலேயே கொத்து தடுப்பை விட்டு அசைந்தால் எல்லா நட்டையும் ஒரு சுற்று முறுக்குங்கள். அசையாத முதல் இடம் கிடைத்ததும் இன்னும் ஒன்று அல்லது இரண்டு சுற்று கூட்டி லாக் நட்டை இறுக்கிவிடலாம். அதற்கு மேல் எனக்குச் சம்மதம் இல்லை. ஈரம் மாறினால் மண்ணின் தள்ளலும் மாறும், காய்ந்த மாசியில் வைத்த அளவு மழை விழுந்த பிறகு கூடுதலாகத் தெரியும். அப்போது குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பவர் டில்லரில் பூட்டுகிற விதைப்பானில் பட்டாணி போட்டோம். கொத்துக்குப் பின்னால் விதைக் குழாய் இருக்கிறது, கொத்துக்கு ஸ்பிரிங் இருக்கிறது. முளைப்பு திட்டுத்திட்டாக இருக்கிறது, சில இடத்தில் விதை மண்ணுக்கு மேலேயே கிடந்து பறவை தின்றுவிட்டது. விதையில் குறையா? (ஒரு வாசகர், கூக்கல்தொரை)

பதில்: விதையைச் சந்தேகப்படும் முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். உழுகிற கலப்பைக்கும் விதைப்பானுக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. கலப்பையில் கொத்து ஒரு விரல்கடை பின்னால் சாய்ந்தபடி ஓடினால் யாருக்கும் தெரியாது, பயிரும் கேட்காது. விதைப்பானில் கேட்கும். அச்சிலிருந்து நேராக 45 செ.மீ. தொங்குகிற கொத்து 20 டிகிரி பின்னால் சாய்ந்தால் நுனி ஏறக்குறைய 2.7 செ.மீ. மேலே வந்துவிடும். நீங்கள் 4 செ.மீ. ஆழம் வைத்திருந்தால் விதை விழுகிற ஆழம் 1.3 செ.மீ. அது முளைத்தாலும் வேர் பிடிக்காது. மண் கெட்டியான இடத்தில் சாய்ந்து, இளகின இடத்தில் நிமிர்ந்து போனதால்தான் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது.

மேலே கிடந்த விதை வேறு கதை, அது கொத்து முழுசாக விலகிய இடம். பவர் டில்லர் மணிக்கு 2.5 கி.மீ. போனால் விநாடிக்கு 70 செ.மீ. நகர்கிறது. கொத்து கல்லைத் தாண்டித் திரும்பி வர அரை விநாடி ஆனால் 35 செ.மீ. நீளத்துக்கு விதை வெளியில் விழும். இதை அடியோடு நிறுத்த முடியாது. பின்னால் ஒரு ஆள் நடந்து வந்து காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போனால் போதும்.

நல்ல விதைப்பானில் ஸ்பிரிங்கின் அமைப்பே வேறு மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் அசைக்கவே முடியாது. ஆனால் ஒருமுறை விலகத் தொடங்கிவிட்டால், கொத்து பின்னால் போகப் போக ஸ்பிரிங் இழுக்கிற கோடு அச்சை நெருங்கி வரும், நெம்பும் தூரம் குறையும், அதனால் தள்ளல் லேசாகிவிடும். சாதாரண மண்ணில் ஆழம் மாறாது, கல்லில் அடி வாங்காது. வாங்கும்போது கடைக்காரரைப் பிடித்து இதைப் பார்த்துவிடுங்கள். நுனியில் ஒரு குழாயை மாட்டிக் கொத்தைப் பின்னால் நெம்புங்கள், தொடக்கத்தில் கடினமாகவும் பாதிக்கு மேல் இலகுவாகவும் இருந்தால் அது விதைப்புக்கு ஆகும். போகப் போகக் கடினமாகிக்கொண்டே போனால் அது உழவுக்கு மட்டும்.

இப்போது கையில் இருக்கிறதை வைத்து என்ன செய்வது என்றால், விதைப்பானைக் கொண்டே மண்ணைப் பிளக்காதீர்கள். முதலில் ஒரு சால் உழுது இளக்கி, வெளியே வந்த கல்லைப் பொறுக்கிக் கரையில் போட்டுவிட்டு, அதன் மேல் விதைப்பானை ஓட்டுங்கள். சரிவுக்குக் குறுக்கேதான் ஓட்டுவீர்கள், அதுதான் சரி. ஆனால் அப்படிப் போகும்போது கீழ்ப்பக்கக் கொத்து ஆழமாகவும் மேல்பக்கக் கொத்து மேலோட்டமாகவும் ஓடும். ஆழம் வைக்கிற சக்கரம் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் பட்டறையில் துளை போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: எஸ் வடிவத்தில் வளைந்த கொத்துக்குத் தனியாக ஸ்பிரிங்கே இல்லையே, அது கல்லைத் தாங்குமா? எங்கள் நிலம் முழுக்கக் கிக்குயூ புல். (ஒரு வாசகர், கேத்தி)

பதில்: அதில் கொத்தேதான் ஸ்பிரிங். சின்னக் கல்லைத் தாங்கும், மண்ணில் புதைந்த பாறையில் நேராக இடித்தால் நிமிர்ந்துபோய்விடும். ஆனால் உங்கள் புல்லுக்கு அதுதான் நல்லது. ஓடும்போது அதிர்ந்துகொண்டே போவதால் மண்ணை உதிர்த்துக் கிக்குயூவின் தண்டுக்கொடியை முழுசு முழுசாக மேலே இழுத்துப் போடும். வெயில் நாளாகப் பார்த்து ஓட்டி, வாரி எடுத்துக் காயவிடுங்கள். ரொட்டவேட்டர் மட்டும் விடாதீர்கள், அது கொடியைத் துண்டு துண்டாக நறுக்கும், கணு உள்ள ஒவ்வொரு துண்டும் புதுப் புல்.

கேள்வி: எங்களுக்குப் பூண்டு விவசாயம். உழவு முடிந்தால் கலப்பை மாதக்கணக்கில் வெளியில்தான் கிடக்கிறது. பனியிலும் மழையிலும் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது. எண்ணெய் தடவினால் போதுமா? (ஒரு வாசகி, பூம்பாறை)

பதில்: போதாது அம்மா. மேலாகப் படிந்த துரு என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பழைய இன்ஜின் ஆயிலைச் சுருளின் உள்பக்கமும் படுகிற மாதிரி தடவலாம். ஆனால் தேய்த்த பிறகு கம்பியில் ஊசி குத்தின மாதிரி குழி தெரிந்தால் அந்த ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள், அறுந்து தெறிப்பது அந்தக் குழியிலிருந்துதான் தொடங்கும். கொழு நுனி மண்ணில் படாமல் இரண்டு மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள். தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்துக் கட்ட வேண்டாம், உள்ளே ஈரம் நின்று இன்னும் கெடுக்கும். மேலே மட்டும் போட்டு, கீழே ஒரு முழம் காற்று போக இடம் விடுங்கள். கிரீஸ் நிப்பிளில் மழைக்கு முன்னால் புதுக் கிரீஸ் அடித்து, ஓரத்தில் பழைய கறுப்பு முழுக்க வெளியே வந்து சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரைக்கும் அடிக்கணும். வெளியே பிதுங்கினதைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள், தண்ணீர் உள்ளே போகாமல் அது அடைத்துக்கொள்ளும்.