16 வயது மகனுக்குத் திடீரென்று நுரையீரல் சுருங்கிவிட்டது. டாக்டர் 'பொறுத்துப் பார்க்கலாம்' என்கிறார். ஆபரேஷன் செய்யச் சொல்லி வற்புறுத்தலாமா?

உங்கள் மகனும் ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்தவனாகத்தான் இருப்பான். அடிபடாமலே இப்படி ஆவது பெரும்பாலும் அந்த வாகுப் பையன்களுக்குத்தான். இது முதல் தடவை, மூச்சுத் திணறலும் பெரிதாக இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். நான் டாக்டர் இல்லை, ஒரு அம்மா. சண்டைக்கு வருகிறவர்கள் இதையும் சேர்த்துப் படித்துவிட்டு வாருங்கள்.

என் மகன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சில் குத்துகிறது, தோள்பட்டை வலிக்கிறது என்றான். எக்ஸ்ரேயில் விஷயம் தெரிந்தது. நுரையீரலின் உச்சியில் இருந்த சின்னக் காற்றுக் கொப்புளம் உடைந்து, காற்று வெளியே கசிந்து, நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் நடுவே நின்றுகொண்டது. கசிவு நின்றுவிட்டால் அந்தக் காற்றை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள். மெல்ல என்றால், நாளுக்கு 1 அல்லது 2 சதவீதம்தான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சும்மா வீட்டுக்கு அனுப்பவா இத்தனை பெரிய ஆஸ்பத்திரி?

ஆனால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 14 முதல் 50 வயது வரையுள்ள 316 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. காற்று ஓரளவு அதிகமாகவே சேர்ந்திருந்தும் நிலைமை மோசமாகாதவர்கள் அவர்கள். காற்றை வெளியேற்ற நெஞ்சில் குழாய் போடாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குக் கடைசிவரை குழாய் தேவைப்படவில்லை.

என் மகனுக்கும் தானாகவே சரியானது. அப்புறம் சில மாதத்தில் அதே பக்கம் திரும்ப வந்தது. இந்த முறை மூச்சு வாங்கியது, விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் போட்டார்கள். குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலில். அதில் குமிழி நிற்கவே இல்லை, அதாவது கசிவு அடங்கவில்லை. பிறகுதான் சின்னத் துளைகள் வழியாக ஆபரேஷன். கொப்புளப் பகுதியை வெட்டி ஸ்டேப்ளரால் மூடி, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி உட்சுவரைத் தேய்த்துவிட்டார்கள். குழாய் இருக்கும்வரை வலி கொடுமை. வலி மருந்தைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் இருக்கும்போது மூச்சுத் திணறல் கூடினாலோ, உதடு நீலமானாலோ, தலை சுற்றினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லாமல் விமானம் கூடாது. ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் இப்போதே மறக்கச் சொல்லுங்கள்.

"பையன் சிகரெட் பிடிக்கிறானா?" என்று உறவுக்காரர்கள் நிச்சயம் கேட்பார்கள். புகையும் வேப் என்கிற மின்சிகரெட்டும் ஆபத்தைக் கூட்டும், மறுக்கவில்லை. தொடாதவர்களுக்கும் வருகிறதே! உறவுக்காரர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். பள்ளி விளையாட்டு ஆசிரியர் இருக்கிறாரே, டாக்டர் கடிதம் தங்கள் படிவத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு, ஓடாததற்கு மதிப்பெண்ணையும் குறைத்தார். குறைத்ததை இன்றுவரை திருத்தித் தரவில்லை.